இரும்புக்குக் காத்திருக்கும் பூஞ்சை

பழைய ரொட்டியிலும் அழுகும் பழத்திலும் சாம்பல் நிறத்தில் படர்கிறதே, ரைசோபஸ் என்னும் பூஞ்சை, அதன் வித்துகளை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. உள்ளே போனவற்றை வெள்ளணுக்கள் முளைக்கவிடாமல் தடுத்துவிடுகின்றன. 2021-இல், கொரோனா இரண்டாம் அலையில், இந்தியாவில் 40,000-க்கும் அதிகமானோரைப் பிடித்த கருப்புப் பூஞ்சை நோய்க்குப் பெரும்பாலும் காரணம் இதே ரைசோபஸ்தான்.

அது வளர இரும்பு வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு உண்டு. ஆனால் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலத்தன்மை அடைந்தால் அந்தப் பிடி தளர்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரிலும் ஜிஆர்பி78 என்ற புரதம் கூடுகிறது. பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டு குழாய்க்குள் புகுகிறது. குழாய் அடைபட்டு, ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் மேலண்ணத்தை வெட்டினார்கள், கண்ணை எடுத்தார்கள்.

இந்த இரும்புப் பசி முன்பே ஒருமுறை வெளிப்பட்டிருக்கிறது. 1980-களில், உடம்பில் தேங்கிய அலுமினியத்தையும் இரும்பையும் நீக்க டெஃபெராக்ஸமின் பெற்ற டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு இதே நோய் வந்தது. இரும்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய மருந்திடமிருந்தே ரைசோபஸ் இரும்பை வாங்கிக்கொண்டது!

கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர்காத்ததை 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் தெரியவில்லை. ஆனால் இங்கே சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் அதை விழுங்கினார்கள், பல நேரம் கூடுதல் அளவில், கூடுதல் நாட்களுக்கு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். வெள்ளணுக்களின் கையையும் கட்டிப்போடும். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்கள் இந்நாட்டில் ஏராளம்.

அந்த நாட்களில் பூஞ்சைக்கு எதிரான மருந்தான ஆம்ஃபோடெரிசின் குப்பிக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்ததை எல்லோரும் பேசினோம். மருந்துத் தட்டுப்பாடு கொடுமைதான். அதற்கும் முந்தைய ஒரு கட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஸ்டீராய்டு எழுதிய சீட்டிலேயே, மாத்திரை தீரும்வரை தினமும் சுகர் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். இன்றும் ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் எழுதப்படும் ஸ்டீராய்டுச் சீட்டுகள் பலவற்றில் அந்த வரி இல்லை.