விரல் மை செல்ஃபி ஓட்டாக மாறுமா? சோஷியல் மீடியா பிரசாரம் உண்மையில் வேலை செய்கிறதா?

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் நாள். காலையிலிருந்தே இன்ஸ்டா ஸ்டோரி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எங்கும் மை வைத்த விரல்கள்தான். நடிகர்கள் வரிசையில் நின்ற வீடியோக்கள் வைரல் ஆகின. கூகுள் முகப்பிலும் மை விரல் டூடுல்.

ஆனால் ரிசல்ட்? மாநிலம் முழுவதும் பதிவானது சுமார் 70%. 2019-ல் இது 72%. கையில் ஸ்மார்ட்போன் இல்லாதவரைத் தேட வேண்டிய மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் சுமார் 54% மட்டுமே. தர்மபுரியில் 81%! அப்படியென்றால் ஸ்டேட்டஸும் ரீல்ஸும் வீண்தானா?

6 கோடி பேரிடம் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேடும் பெரிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2010 நாடாளுமன்றத் தேர்தல் நாளில், ஃபேஸ்புக் பயன்படுத்திய சுமார் 6.1 கோடி பேரிடம் இது நடத்தப்பட்டது. முடிவுகள் 2012-ல் 'நேச்சர்' இதழில் வெளியாகின.

பெரும்பாலானோருக்கு 'இன்று தேர்தல் நாள்' என்ற செய்தியும், 'நான் வாக்களித்துவிட்டேன்' என்ற பட்டனும், அதை ஏற்கெனவே அழுத்திய நண்பர்களின் முகங்களும் காட்டப்பட்டன. ஒரு சிறு குழுவுக்கு முகங்கள் இல்லாமல் வெறும் செய்தி மட்டும். இன்னொரு சிறு குழுவுக்கு எதுவுமே இல்லை.

வெறும் செய்தியைப் பார்த்தவர்களுக்கும் எதையும் பார்க்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்களில்தான் கூடுதலாகச் சிலர் பூத்துக்குப் போனார்கள். எவ்வளவு பேர்? ஆயிரத்துக்குச் சுமார் 4 பேர்.

4 பேர்தானா என்று நினைக்கிறீர்களா?

அந்தச் செய்தியால் நேரடியாக 60,000 பேரும், அவர்களின் நட்பு வட்டம் வழியாக 2.8 லட்சம் பேரும் கூடுதலாக வாக்களித்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதிலும் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கும் எல்லோரும் அல்ல, நெருங்கிய நண்பர்களே தாக்கம் ஏற்படுத்தினார்கள்.

நம்மூர்க் கணக்கில் பார்ப்போம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. அங்கே வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஆயிரத்துக்கு 4 பேர் என்றாலே 800 ஓட்டைத் தாண்டும். அமெரிக்கக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் சின்ன சதவீதம் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பது புரியும்.

பிரபலங்கள் சொன்னால்?

2024 செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இன்ஸ்டாவில் பகிர்ந்த லிங்க் வழியாக, 24 மணி நேரத்தில் சுமார் 4 லட்சம் பேர் அமெரிக்க அரசின் வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். ஆனால் தளத்தைப் பார்ப்பது வேறு, பெயரைச் சேர்ப்பது வேறு, தேர்தல் அன்று வரிசையில் நிற்பது வேறு.

2020 அமெரிக்கத் தேர்தலுக்கு முன், ஆயிரக்கணக்கானோரின் ஃபேஸ்புக், இன்ஸ்டா கணக்குகளை 6 வாரம் நிறுத்திவைத்தும் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் அரசியல் ஈடுபாடு குறைந்தது. ஆனால் குறைந்தது பெரும்பாலும் ஆன்லைன் ஈடுபாடுதான்.

இதில் ஆபத்து என்ன?

'ஓட்டு போடுங்க' என்ற நினைவூட்டலை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது ஒரு தனியார் நிறுவனம். ஒரு பகுதியினருக்கு மட்டும் காட்டி, இன்னொரு பகுதியினருக்கு மறைத்தால்? யாரையும் ஆதரிக்காமலேயே முடிவை மாற்ற முடியும். வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது.

இன்னொன்று, போலி ஃபார்வேர்டு. 'பட்டியலில் பேர் இல்லையா? கவலைப்படாதீங்க, ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்' என்ற தகவல் தேர்தல்தோறும் சுற்றுகிறது. அது பொய். வந்திருப்பவரின் அடையாளத்தை பூத் ஏஜென்ட் சந்தேகித்து ஆட்சேபம் தெரிவிப்பதுதான் 'சேலஞ்ச்'. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. இந்த ஃபார்வேர்டை நம்பி, பெயரைச் சரிபார்க்காமல் விடுபவர் அந்த முறை ஓட்டையே இழப்பார்.

அப்போ என்ன செய்யலாம்?

தேர்தல் நாளில் போடும் ஸ்டேட்டஸ், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைத்தான் பூத்துக்கு வரவைக்கும். பெயரே இல்லாதவருக்கு அது உதவாது. 18 வயதானவர்களைச் சேர்க்க இப்போது ஆண்டுக்கு 4 தகுதி நாட்கள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்ததுமே படிவம் 6-ல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 எண்ணுக்கு அழைக்கலாம்.

எனவே மை விரல் போட்டோ போடுவதில் தப்பில்லை. பூத்துக்கு வெளியே வந்து எடுங்கள், உள்ளே செல்போனுக்குத் தடை. ஆனால் ஆய்வு சொல்வதைப் பார்த்தால், ஆயிரம் பேர் பார்க்கும் ரீல்ஸைவிட, நெருங்கிய நண்பருக்குத் தனியாகப் போடும் 'லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாத்தியாடா?' என்ற ஒரு மெசேஜுக்கே பலன் அதிகம் இருக்கலாம். அதையும் தேர்தல் அன்று அல்ல, சில மாதங்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும்.