வகுப்பைக் குறைத்தால் தூக்கம் வருமா?

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்று கோச்சிங் சென்டர்களுக்கு 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் தந்தது. நல்லதுதான். ஆனால், பிள்ளைகளைத் தூங்கவிடாதது வகுப்பு மட்டுமா? பயமும்தானே!

எங்கள் காலனியில் ப்ளஸ் டூ பெண்கள் ஐந்து பேர் ராத்திரி ஒன்பதரைக்கு மொட்டை மாடியில் கூடுகிறார்கள். மார்க் பேச்சே கிடையாது. "கெமிஸ்ட்ரின்னாலே கை நடுங்குதுடி" என்று ஒருத்தி சொன்னால், "எனக்கும்தான்" என்கிறாள் இன்னொருத்தி. பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறது. பிறகு பாயில் படுத்து, கால் விரலிலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு தசையாக இறுக்கி, மெதுவாகத் தளர்த்துகிறார்கள். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த பயிற்சி இது.

அந்த நேரத்தில் "படிக்கலையா?" என்று நாம் கீழேயிருந்து குரல் கொடுக்காமல் இருந்தால் போதும். வாரக்கணக்கில் தூக்கமில்லாத பிள்ளை என்றால், 14416 என்ற அரசு எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசமாகவே ஆலோசனை சொல்கிறார்கள்.

- ஒரு வாசகி, மதுரை.