எண்ணத் தெரியாதவனுக்குத்தான் சூது

நிகழ்தகவு என்றாலே, "அது சூதாட்டக் கணக்கு சார், பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் நம் வடலூரில் இன்னும் இருக்கிறார்கள். வள்ளலார் ஊரில் தாயக்கட்டைக் கணக்கா என்பது அவர்கள் கேள்வி. கேட்பவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் நினைப்பது தப்பு என்பது என் கட்சி. சூதில் அழிகிறவன் அந்தக் கணக்கைப் படித்தவன் அல்ல, படிக்காதவன்.

நளன் கதை நம் தலைமுறைக்குத் தெரியாததல்ல. சூதாடினான், நாட்டை இழந்தான், காட்டுக்குப் போனான். இந்தப் பாதிதான் நமக்கு நினைவில் நிற்கிறது. மீதிப் பாதியில், இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான் நளன். வழியில் நிற்கும் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில், இலை இத்தனை, காய் இத்தனை என்று அரசன் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தனக்குத் தெரிந்த குதிரை வித்தையைக் கொடுத்து, அந்த எண்ணும் வித்தையையும் சூதின் சூட்சுமத்தையும் வாங்கிக்கொள்கிறான். அதன் பிறகுதான் கலி அவனை விட்டு நீங்குகிறது. எண்ணத் தெரியாமல் இழந்ததை எண்ணத் தெரிந்து மீட்டான் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மேல்நாட்டிலும் இப்படித்தான். ஆட்டம் பாதியில் நின்றுபோனால் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வந்தது. பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் கடிதம் எழுதி, மீதி ஆட்டம் எந்தெந்த வழியில் போகலாம் என்று எண்ணிப் பதில் கண்டார்கள். பாஸ்கல் ஆழ்ந்த தெய்வபக்தி உள்ளவர். அவருக்கு ஒட்டாத பாவம் நம் பேரப்பிள்ளைகளுக்கா ஒட்டிவிடப் போகிறது?

பள்ளிக்கூடத்தில்தான் சொல்லித் தருகிறார்களே என்பீர்கள். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு இருக்கிறது. பதினொன்றில் சேர்ப்பியல் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் படிப்பதென்ன? என்.பி.ஆர்., என்.சி.ஆர். என்று இரண்டு சூத்திரம். கேள்வியில் 'வரிசை' என்று வந்தால் இது, 'தேர்வு' என்று வந்தால் அது. சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விடாத நாமே, ஸ்பேடு பதின்மூன்று, ஹார்ட் பதின்மூன்று என்று பிள்ளை மனப்பாடம் செய்வதைக் கேட்டுப் பூரிக்கிறோம். மார்க் வருகிறதே! நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இந்தப் பாடத்துக்கு முன்னால் 'தெனோம்ப்ரமான்' என்று ஒன்று வரும். எண்ணிப் பார்த்தல் என்று பொருள். சூத்திரம் அதற்குப் பிறகுதான்.

இது வெறும் மார்க் விவகாரம் என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 1968-ல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு விற்றது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது, நல்ல காரியம். ஆனால் 2019 டிசம்பரில், பக்கத்து விழுப்புரத்தில், நகைத் தொழிலாளி ஒருவர் மூன்று நம்பர் லாட்டரியில் கடன்பட்டுக் குடும்பத்தோடு மாண்டார். தடை வந்து பதினாறு வருடம் கழித்து! சட்டம் கடையை மூடும். 'விட்டதைப் பிடிக்கலாம்' என்ற நினைப்பை அதனால் மூட முடியாது.

அந்த மூன்று நம்பரை எண்ணிப் பாருங்கள். முதல் இடத்துக்குப் பத்து இலக்கம், இரண்டாவதற்குப் பத்து, மூன்றாவதற்குப் பத்து. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். சீட்டு பத்து ரூபாய், பரிசு ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணையும் விற்றால் விற்பவன் கைக்குப் பத்தாயிரம் வரும், அதில் ஐயாயிரம் போகும், ஐயாயிரம் நிற்கும். தினம் ஒரு சீட்டு வாங்குகிறவனுக்கு வருடத்துக்கு 3,650 ரூபாய் செலவு. அப்படி வாங்குகிற நூறு பேரில் ஏறத்தாழ எழுபது பேருக்கு அந்த வருடம் முழுக்க ஒருமுறைகூட விழாது. இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், பெருக்கல் போதும்.

'இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே ஆகும்' என்பது இதைவிட மோசமான நம்பிக்கை. அதைத் தெளிவிக்கப் பரணில் கிடக்கும் தாயக்கட்டையே போதும். ஒவ்வொரு கட்டைக்கும் நாலு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைக்கு நாலு நாலு பதினாறு வழி. ஒன்றில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். அதற்கு இரண்டு வழி. ஆக எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயமா? எட்டில் ஏழு என்பதை எட்டுத் தடவை பெருக்குங்கள், சுமார் 0.34 வரும். நூறு பேரில் முப்பத்து நான்கு பேருக்கு எட்டு முறை உருட்டியும் தாயம் விழாது. ஒன்பதாவது தடவையும் அவர்களுக்கு அதே எட்டில் ஒன்றுதான். முன்பு என்ன விழுந்தது என்ற ஞாபகம் கட்டைக்குக் கிடையாது.

கைபேசியில் ரம்மி விளம்பரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, 'சூது கெட்டது' என்று மட்டும் சொன்னால் ஏறாது. ஏன் கெட்டது என்று அவர்கள் கையாலேயே எண்ண வைக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பதினாறு வழியையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு விழ எத்தனை வழி, மூன்று விழ எத்தனை வழி என்று கேளுங்கள். பிறகு நூறு முறை உருட்டிக் குறித்து, தாளோடு ஒப்பிடுங்கள். பணயம் வைக்க வேண்டாம். சூத்திரத்தை வாத்தியார் பார்த்துக்கொள்ளட்டும்.