குமிழியை எண்ணாத நுண்ணறிவு

ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு 750 மெய்நிகர் ஆய்வகங்கள். அடுத்து, 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவுப் பாடம். அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. இத்தனை ஆய்வகங்களில் எதிலாவது ஒரு மாணவி உயிருள்ள செடியை வைத்துச் சோதனை செய்வாளா என்றுதான் யாரும் கேட்பதில்லை.

ஒரு டிங்கரிங் ஆய்வகத்தை நிறுவ 10 லட்சம், ஐந்தாண்டு நடத்த 10 லட்சம் என்பது இத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதி. அதையே 50,000 பள்ளிகளுக்கும் பெருக்கினால் 10,000 கோடி ரூபாய். ஒளிச்சேர்க்கையில் ஆக்ஸிஜன் வெளிவருவதைக் காட்ட என்னென்ன வேண்டும்? ஒரு பீக்கர், ஒரு கண்ணாடிப் புனல், ஒரு சோதனைக் குழாய், ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஒரு பிடி வேலம்பாசி. பாடநூலில் ஹைட்ரில்லா எனப்படும் இந்தப் பாசி ஏரி குளங்களில் காசில்லாமல் கிடைக்கிறது. காசில்லாமல் கிடைப்பதாலேயே அதற்கு டெண்டர் இல்லை; டெண்டர் இல்லாததால் திறப்பு விழாவும் இல்லை.

இந்தப் பாசியின் பெருமை நம் ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் போனது வியப்பு. ஜகதீச சந்திர போஸ் ஒளிச்சேர்க்கையை ஆராய எடுத்துக்கொண்டது இதைத்தான். அது விடும் ஒவ்வொரு குமிழியையும் தானே பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். 1924இல் அந்த ஆய்வுகளை நூலாகவே வெளியிட்டார். கோடையில் எடுத்த பாசி குளிர்காலப் பாசியைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனித்துக் குறித்தும் வைத்தார். அது கரியமில வாயுவைக் கையாளும் வேறொரு வழியின் தடயம் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உலகத்துக்குப் புரிந்தது. அவருக்கும் முன்னால், 1779 கோடையில், யான் இங்கன்ஹவுஸ் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கி மூன்று மாதங்களுக்குள் ஐந்நூறு சோதனைகள் செய்தார். செடியின் பச்சைப் பாகங்கள் வெளிச்சத்தில் மட்டுமே ஆக்ஸிஜனை விடுகின்றன என்று நிறுவினார்.

அவர் ஐந்நூறு செய்தார். நம் மாணவர் எத்தனை செய்கிறார்? தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தச் செய்முறைப் பட்டியலில் மேலே சொன்ன புனல் ஆய்வு ‘விளக்கச் சோதனை’. அதாவது, ஆசிரியர் செய்து காட்டுவார்; மாணவர் படம் வரைந்து பாகம் குறிப்பார். மருத்துவராக விரும்பும் பிள்ளைக்கு நீட் தேர்வில் உயிரியலிலிருந்து 90 கேள்விகள். செய்முறைத் தேர்வு கிடையாது. பிறகு எந்தப் பிள்ளை பாசியைத் தேடி ஏரிக்குப் போகும்?

மெய்நிகர் ஆய்வகம் இருக்கிறதே என்பார்கள். திரையில் வரும் விளக்கை நகர்த்தினால் குமிழிகள் கூடும், குறையும். நிரல் எழுதியவருக்கு முன்பே தெரிந்த விடை அது. அதைச் சோதனை என்று அழைப்பது மோசடி. உண்மையான பாசி அப்படிப் பணியாது. விளக்கை நெருக்கமாகக் கொண்டுவந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் குமிழி கூடாது. சோடா உப்பைக் கூடுதலாகப் போட்டால் மறுபடி கூடும். எது பற்றாக்குறையோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும் என்று 1905இல் பிளாக்மேன் சொன்ன விதியை அந்த நிமிடத்தில் மாணவி தானே கண்டுபிடிக்கிறாள். குழாயில் சேர்ந்த வாயுவில் நைட்ரஜனும் கலந்திருப்பதால், ஆக்ஸிஜனைச் சோதிக்கக் காட்டும் தணல் குச்சி சில நேரம் பற்றாது. ஏன் பற்றவில்லை என்று அவள் கேட்கிறாளே, அதுதான் அறிவியல் வகுப்பு. மற்றதெல்லாம் படம் பார்ப்பது.

ஆய்வகமே இல்லாத பள்ளிகளுக்குத் திரைதானே கதி என்பது ஒரு வாதம். பீக்கர் வாங்க முடியாத பள்ளிக்குக் கணினி மட்டும் எங்கிருந்து வந்தது? மாவுச்சத்துச் சோதனைக்காக இலையின் பச்சையத்தை நீக்கச் சாராயத்தைக் கொதிக்க வைப்பது ஆபத்து என்பது இன்னொன்று. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கத் தெரியாதவரை ஆசிரியராக நியமித்தது யார் குற்றம்? நேரமில்லை என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கும் நேரமில்லை.

துளசி இரவிலும் ஆக்ஸிஜன் தரும் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பட்டதாரிகளே பரப்புகிறார்கள். மூடிய ஜாடிக்குள் துளசிக் கொத்தையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் வைத்து, கறுப்புத் துணியால் மூடி, மறுநாள் திறந்து பார்த்தால் போதும். தெளிநீர் பால்போல் கலங்கியிருக்கும். பள்ளியில் ஒருமுறை இதைத் தன் கையால் செய்தவர் அந்தச் செய்தியை அனுப்ப மாட்டார். இந்த நாட்டில் மூடநம்பிக்கை வளர்வதற்கும் செய்முறை வகுப்பு தேய்வதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். புனல் ஆய்வை விளக்கச் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மாணவரும் செய்தே ஆக வேண்டிய சோதனையாக மாற்றட்டும். அது நடக்கும்வரை எந்தப் பள்ளியின் டிங்கரிங் ஆய்வகத்துக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்க வேண்டாம்.