நாய்க்கடியும் நாட்சம்பளமும்

லயத்து வாசலில் விளையாடும் பிள்ளையை நாய் கடித்துவிட்டால் எமது தோட்டங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். காயத்தில் மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்புவார்கள். யாராவது மந்திரித்து நூல் கட்டிவிடுவார். "குட்டி நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று அயலவர்கள் ஆறுதல் சொல்வார்கள். தாய் மறுநாள் காலை வழக்கம்போலக் கொழுந்துக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். இந்த இரண்டு நட்டங்களுக்கும் நடுவில் நின்றுதான் அவள் முடிவெடுக்கிறாள்.

ஆனால் விசர்நாய்க்கடி நோய் யாருடைய சம்பள நாளுக்காகவும் காத்திருப்பதில்லை. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அதற்கு முன் சிகிச்சை பெற்றால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இத்தடுப்பூசியைப் போட்டது 1885ஆம் ஆண்டில். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இருந்தும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் திட்டத்தாலும் இலவசச் சிகிச்சையாலும் அத்தொகை இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆகவே இது ஒழிக்கக்கூடிய நோய் என்பதில் ஐயமில்லை.

செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. பின்னர் அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஊசி முதல் நாளோடு முடிவதில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தொடரும். ஆழமான காயமென்றால் எதிர்ப்புச் சீரமும் தேவைப்படலாம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பெரியவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். அம்முறை கைவிடப்பட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாட்கள் கவனிப்பதும் அவசியம். அந்த நாய்க்கு என்ன ஆகிறது என்பது வைத்தியருக்கு உதவும் தகவல்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சிச் சபைகளுடையது. நகரத்து வீட்டு நாய்க்கு இது சரிதான். லயத்து நாய்க்கு யார் பொறுப்பு? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டம் சபையைக் கைகாட்டியது. சபை தோட்டத்தைக் கைகாட்டியது. நாய் இரண்டுக்கும் நடுவில் ஓடித் திரிந்தது.

அந்தத் தடை 2018இல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. அதே ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் எமது மாவட்டத்தில் இயங்கத் தொடங்கின. ஆகவே "எமக்கு அதிகாரம் இல்லை" என்று இனி எந்தச் சபையும் சொல்ல முடியாது. சபை உறுப்பினர்களிடம் பாதையும் மின்விளக்கும் கேட்கும் நாம் இதையும் கேட்க வேண்டும்.

நாய்களை ஒழித்துவிட்டால் பிரச்சினை தீருமே என்று சிலர் சொல்கிறார்கள். தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006இல் அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. இரக்கம் ஒருபுறமிருக்க, கொல்வதால் பயனும் இல்லை. ஒரு நாய் போன இடத்துக்குத் தடுப்பூசி போடாத வேறொரு நாய் வந்து சேரும். நூற்றுக்கு 70 நாய்களுக்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பதே உலக அனுபவம். தோட்டத்து நாய் வீணுக்கு வளர்க்கப்படுவதுமில்லை. அது மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கிறது. இரவில் சிறுத்தை வந்தால் குரல் கொடுக்கிறது.

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தடுப்பூசி போடுவோர் எல்லோரும் மலையில் நிற்கும் வேளையில் வராமல், ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்துக்கு வரட்டும். அங்கேயே சபை நாய்களைப் பதிவு செய்யட்டும். கடிபட்டவரையும், கடிபட்ட பிள்ளையின் தாயையும் ஊசி நாட்களில் சம்பளத்தோடு அனுப்பத் தோட்ட நிர்வாகங்கள் இணங்கட்டும். தொழிற்சங்கங்கள் இதைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டு போகட்டும். பிள்ளை மடுவத்திலும் பாடசாலையிலும் சவர்க்காரமும் தண்ணீரும் இருக்கட்டும். நாய் வைத்திருப்போர் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வேண்டாத குட்டிகளைப் பாதையோரத்தில் விடாதிருக்கட்டும்.

நல்ல சமாரியன் கதையை நாம் ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவன் காயத்தைச் சுத்தம் செய்தான், வாகனம் கொடுத்தான், செலவை ஏற்றான், திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான். கடிபட்ட பிள்ளைக்குத் தேவையானவையும் இவை நான்கும்தான். முதலாவதை இன்றைக்கே ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம். மற்ற மூன்றையும் ஒரு தாய் தனியே சுமக்க முடியாது. தோட்டமும் சபையும் சங்கமும் திருச்சபையும் அவளோடு சேர்ந்து சுமக்க வேண்டும்.