தூர்வாரும்போது குளத்தின் ஓரத்தையும் பாருங்கள்

கரைப்பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்குப் போங்கள் என்பதுதான் நம்மிடம் தயாராக இருக்கும் பதில். அதில் தப்பில்லை. 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்ததும் அங்கேதான். ஆனால் கடலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மணப்பாறை வட்டாரத்தை இந்தப் பதில் மறைத்துவிடுகிறது. காவிரிப் பாசனம் எட்டாத மானாவாரி பூமி; ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய குளங்கள். தை, மாசியில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, ஓரத்தில் ஈரச்சேறு அகலமாக வெளிப்படும். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான்களுக்குப் புழுவும் பூச்சியும் கிடைப்பது அந்தச் சேற்றில்தான். குளத்தைத் தூர்வாரத் திட்டமிடுகிறவர்கள் ஆழத்தை மட்டும் அளக்கிறார்கள்; ஓரத்தையும் அளக்க வேண்டும். அதற்கு முதலில் அங்கே மேய்வது எந்தப் பறவை என்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பறவைகளை இனம் பிரிப்பது நிபுணர் வேலை, சாதாரண மக்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும் என்பார்கள். கடற்கரைச் சேற்றுவெளியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. எங்கோ தொலைவில் கூட்டங்கூட்டமாகச் சாம்பல் நிறத்தில் நிற்பவற்றில் எது எது என்று சொல்லத் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். குளத்தங்கரையில் நிலைமை வேறு. வரும் இனங்கள் குறைவு, தூரமும் குறைவு. சாதாரண உள்ளான் நின்ற இடத்தில் நிற்காது, வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். மார்பின் பக்கவாட்டு வெண்மை, மடித்த இறக்கைக்கு முன்னால் தோளை நோக்கி ஆப்புப்போல ஏறியிருக்கும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் பொரி தூவியதுபோன்ற புள்ளி, கண்ணுக்கு மேல் நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால். இரண்டடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தி, மறுபடி ஓடுகிற குட்டிப் பறவையின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. ஆட்காட்டியின் கூச்சலை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஓரளவு நல்ல பைனாகுலரும் ஒரு பருவத்துப் பொறுமையும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே இதைக் கற்றுக்கொள்வார்கள். தவறு நேரும்தான். படத்தோடு பதிவு செய்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடலாம். பதிவே இல்லாத குளத்தைப் பற்றித் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

பதிவு இல்லாததன் விலை என்ன என்பதற்கு உலகம் அண்மையில் ஒரு கசப்பான சான்றைப் பார்த்தது. ஸ்லெண்டர்-பில்டு கர்லூ என்ற, வளைந்த மெல்லிய அலகுள்ள கரைப்பறவை கடைசியாக ஐயத்துக்கிடமின்றிப் பதிவானது 1995-இல், மொராக்கோவில். 2025-இல் அது அற்றுப்போனதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பார்வைக்கு அதன் நெருங்கிய உறவினத்தைப் போலவே இருந்ததால், அது குறைந்துவருவதை உரிய காலத்தில் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானையும் அதே ஒன்றியம் 2024-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்திருக்கிறது.

ஒரு குளத்தில் பத்துப் பறவை நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் இருக்கின்றன. பத்தைப் பத்தாகவே விட்டுவிட முடியாது. இதைவிடக் கனமான எதிர்ப்பு தண்ணீரைப் பற்றியது. கோடையில் குடிநீருக்கு அலையும் ஊரில், பறவைக்காக ஆழத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமா? குறைக்க வேண்டியதே இல்லை. பழைய குளங்கள் ஒரு பக்கம் கரையும் மதகும், எதிர்ப்பக்கம் மெல்ல ஏறும் சரிவுமாகத்தான் அமைந்தவை. கரையை ஒட்டியும் நடுவிலும் வேண்டிய மட்டும் வண்டலை அள்ளலாம். தண்ணீர் வந்து பரவும் எதிர்ப்பக்கச் சரிவைப் பொக்லைனால் செங்குத்தாக வெட்டாமல் விட்டால் போதும். 2017-இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது இந்த நுணுக்கம் எல்லா இடத்திலும் பின்பற்றப்பட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறையில் இதை விளக்கவும் வேண்டுமா? மாடு இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அந்தச் சரிவில்தான். செங்குத்தாக வெட்டிய குழி மாட்டுக்கும் ஆபத்து, குளிக்க இறங்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. ஆகவே இந்தக் குளங்களின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தயாராகும் தூர்வாரும் பணி மதிப்பீடுதான். ஆண்டுதோறும் தை மாதத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. மணப்பாறைப் பள்ளிகள் பக்கத்துக் குளங்களை அதில் சேர்த்து, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கினால், எந்தப் பக்கத்துச் சரிவைத் தொடக்கூடாது என்ற ஒரு வரி அந்த மதிப்பீட்டில் ஏறுவதற்கு வழி பிறக்கும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.