207 ஆம் இடத்து ரசிகன்

உலகக் கிண்ணம் வந்தால் மன்னார் இரண்டாகப் பிரியும். பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வங்காலையிலும் பிரேசில் கொடி, ஆர்ஜென்டினா கொடி. நடுவிலே யாராவது ஒரு பெடியன் போர்த்துக்கல் கொடியோடு தனியாக நிற்பான். மற்ற நாட்களில் ஆர்சனல், யுனைட்டட், பார்சிலோனா. இந்தத் தீவில் ஒரு கழகத்தின் ஜெர்சி இல்லாத வீடு தேடினாலும் கிடைக்காது.

“சரி, இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு ஆர் சப்போர்ட்?” எண்டு கேட்டுப் பாருங்கோ. சிரிப்பார்கள்.

நான் சப்போர்ட். பத்து வருசத்துக்கு மேலாக. ஃபிஃபா தரவரிசையில் 207 ஆம் இடம் வரைக்கும் போன அணி இது. ஃபிஃபாவில் இருக்கிற உறுப்பு நாடுகளே மொத்தம் 211 தான். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அணி எப்போதுமே இப்படி இருக்கவில்லை. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் இந்தியாவை 1-0 என்று வென்றது. 2006 இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதிக்குப் போய் தஜிகிஸ்தானிடம் 0-4 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் இறுதியாட்டத் தோல்வி. இதெல்லாம் எனக்குக் கேள்விப்பட்ட கதை. நான் பார்க்கத் தொடங்கிய அணி வேறு.

நான் பார்த்தது என்ன? 2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதல் சுற்று. மக்காவிடம் 0-1. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இரண்டாவது ஆட்டத்துக்கு கொழும்பு வர மக்கா மறுத்தது. ஃபிஃபா 3-0 என்று எங்களுக்குத் தீர்ப்புக் கொடுத்தது. பந்தைத் தொடாமலே அடுத்த சுற்றுக்குப் போனோம். போன இடத்தில் தென்கொரியா காத்திருந்தது. அந்த ஒக்டோபரில் 0-8. அதிலே சோன் ஹியுங் மின்னும் இரண்டு அடித்தார். ஸ்பர்ஸ் ரசிகனான என் மச்சான் அண்டைக்கு யாருக்குக் கைதட்டுறது எண்டு தெரியாமல் இருந்தான்.

2021 நவம்பரில் கொழும்பில் நான்கு நாடுகள் போட்டி, மகிந்த ராஜபக்ச பெயரில். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராசிக் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்து வென்று தந்தார். மாலைதீவுக்கு எதிராகப் பின்தங்கி நின்ற ஆட்டத்தில் நான்கு கோலையும் அவரே அடித்து 4-4. அந்த ஒரு கிழமை நான் தரையில் நடக்கவில்லை. பிறகு இறுதியாட்டம், செஷெல்ஸ். 3-3. பெனால்டியில் தோல்வி.

செஷெல்ஸ் நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். 2012 கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது எங்கள் மாவட்டத்தின் அளவான ஒரு நாடு, இரண்டு கோடிப் பேர் உள்ள நாட்டை அதன் சொந்த மண்ணில் வைத்துக் கிண்ணத்தைக் கொண்டு போனது. இந்த ஒப்பீட்டை மனதில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. காரணம், விளையாட்டு நிர்வாகத்தில் அரசாங்கத் தலையீடு. ஓகஸ்ட்டில் தடை நீங்கியது. ஒக்டோபரில் யேமனோடு தகுதிகாண் ஆட்டம். 0-3, பிறகு கொழும்பில் 1-1. உலகக் கிண்ணக் கனவு இரண்டே ஆட்டத்தில் முடிந்தது. ஏழு மாதம் பூட்டிக் கிடந்த அணி யேமனை வெல்லும் என்று எதிர்பார்ப்பது எங்களுடைய பேராசை.

அதற்குப் பிறகுதான் ஆச்சரியம். 2024 செப்டம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் பிளேஓஃப். கம்போடியாவின் மண்ணில் 2-2, பெனால்டியில் வெற்றி. தாய்லாந்து, துருக்மெனிஸ்தான், சீன தாய்பே இருந்த பிரிவுக்குள் நாங்களும் போனோம். அண்டைக்கு ராத்திரி எங்கட விடுதியில் மூன்று பேர் மட்டும் கத்தினோம். பக்கத்து அறையில் இருந்து திட்டு வந்தது.

இனி என்னிடம் எப்போதும் கேட்கப்படும் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலாவது கேள்வி இது. “அதிலே விளையாடுறவன் பாதிப்பேர் வெளிநாட்டான். அது என்ன இலங்கை ரீம்?” ராசிக் ஜெர்மனி. டிலன் டி சில்வா லண்டன். குளோடியோ கம்மர்க்னெக்ட் டைனமோ டிரெஸ்டனுக்கு ஆடியவர். ஆதவன் ராஜமோகன் சுவீடன். உண்மைதான், இவர்கள் வந்த பிறகுதான் அணி நிமிர்ந்தது.

இதைக் குறையாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவும் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து சொல்வதை. எங்களில் எத்தனை பேரின் சித்தப்பாவும் மாமியும் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள்? அவர்களுடைய பிள்ளைகளை நாங்கள் வெளிநாட்டான் என்று சொல்வோமா? கோயில் திருவிழாவுக்கு அவர்கள் அனுப்புற காசு எங்கட காசு, கழகத்துக்கு வாங்கித் தாற ஜெர்சி எங்கட ஜெர்சி, ஆனால் அவர்கள் பந்து விளையாடினால் மட்டும் அந்நியமா? அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் இந்த நாட்டை விட்டுப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தையும் தாண்டி ஒருவன் திரும்பி வந்து ஆடுகிறான் என்றால், அவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற உரிமை எனக்கில்லை. கேப் வேர்டே 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதும் ஐரோப்பாவில் வளர்ந்த தன் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டுதான்.

இரண்டாவது கேள்வி கனமானது. “தமிழனா இருந்துகொண்டு எப்பிடிடா இலங்கைக்குச் சப்போர்ட் பண்ணுறாய்?”

இதைக் கேட்பவர்களை நான் முட்டாள் என்று நினைக்கவில்லை. மன்னாரில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வியின் எடை தெரியும். 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 இல் அது நிறுத்தப்பட்டது. ஆட்டத்துக்கு முன்னால் கீதம் ஒலிக்கும்போது நான் சேர்ந்து பாடுவதில்லை, எழும்பி நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் விசில் ஊதியதும் மைதானத்தில் நிற்பது அரசாங்கம் இல்லை. சுஜான் பெரேரா கோலில் நிற்கிறார், யாழ்ப்பாணத்து ஜூட் சுபன் பின்னுக்கு நிற்கிறார், ராசிக் முன்னுக்கு ஓடுகிறார். இந்த நாட்டில் இப்படி மூன்று இனப் பெயரும் ஒரே பக்கம் நின்று ஒரே ஆளுக்குக் கத்துகிற இடம் எத்தனை? எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அணி என்னுடையதும்தான் என்று சொன்னால்தான், அந்த அணியிடம் கணக்கும் கேட்கலாம்.

கணக்கு இதுதான்.

2021 இல் சுப்பர் லீக் தொடங்கினார்கள். இலங்கையின் தொழில்முறை உதைபந்தாட்டம் என்று பெரிய விளம்பரம். பத்துக் கழகங்கள். கொழும்பு எஃப்சி, ரினௌன், ரட்ணம், புளூ ஸ்டார், ரெட் ஸ்டார்ஸ், நியூ யங்ஸ், அப் கண்ட்ரி லயன்ஸ், டிஃபென்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ். களுத்துறை இருக்கிறது, பேருவளை இருக்கிறது, வென்னப்புவ இருக்கிறது, நாவலப்பிட்டி இருக்கிறது. வடக்கில் இருந்து ஒன்று? இல்லை. கிழக்கில் இருந்து? இல்லை. கடைசியாகச் சொன்ன மூன்றும் தரைப்படை, விமானப்படை, கடற்படை.

இப்போது பள்ளிமுனையில் நல்லாக ஆடுகிற 18 வயதுப் பெடியன் ஒருவனை யோசியுங்கோ. அவன் மேலே போக இரண்டு வழி. ஒன்று, கொழும்புக் கழகம். மதவாச்சி வழியாக இரவு பஸ், தங்க இடம் இல்லை, மொழி இல்லை, சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மற்றது படை அணி. வேலையும் சம்பளமும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் ஒரு தாயிடம் போய் “பந்து விளையாட ஆமியில சேரப்போறன்” என்று சொல்லிப் பாருங்கோ. அந்த வீட்டில் அண்டைக்கு உலை வைக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். இடது காலால் அவன் போடுகிற கிராஸைப் பார்க்கவே சனம் வரும். கொழும்பில் ஒரு கழகம் தெரிவுக்குக் கூப்பிட்டது. போனான். பதினைந்து நிமிசம் ஆட விட்டார்கள், பிறகு “சொல்லி அனுப்புறம்” என்றார்கள். மூன்று வருசமாகிறது. இப்போது விடியப்புறம் வள்ளத்தில் கடலுக்குப் போகிறான், பின்னேரம் கிறவுண்டுக்கு வருகிறான். இன்னும் அதே கிராஸ்தான்.

அதனால்தான் சொல்கிறேன், வெளிநாட்டில் இருந்து வருபவர்களில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. டிரெஸ்டனில் இருந்து ஆள் கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு பேசாலைக்கு வரத் தெரியவில்லை என்பதில்தான் கோபம்.

ஆனால் எல்லாவற்றையும் கொழும்பின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் கை கழுவ ஏலாது. எங்கள் போட்டிகளைப் பாருங்கோ. பெரும்பாலும் நொக்-அவுட். பதினாறு அணி சேர்ந்தால் எட்டு அணி ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். ஒரு மாதம் பயிற்சி, அறுபது நிமிசம் ஆட்டம், முடிஞ்சுது. அதே எட்டு அணியை வைத்து லீக் முறையில், ஒவ்வொரு அணியோடும் இரண்டு தரம் ஆடவிட்டால் ஆளுக்குப் பதினான்கு ஆட்டம் கிடைக்கும். தோற்ற கிழமைக்கு அடுத்த கிழமை திருத்திக்கொள்ளலாம். விளையாட்டைக் கற்றுக்கொள்வதே அப்படித்தானே. நொக்-அவுட்டில் சனம் கூடும், ஸ்பொன்சர் வருவார், இரவு லைட் போட்டு மைக் பிடிக்கலாம். ஆட்டக்காரன் வளர மாட்டான்.

இன்னொன்று. நடுவரை அடிக்கிறதை நிறுத்த வேண்டும். ஊர்ச் சண்டையைக் கிறவுண்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்த வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் பந்து கொடுக்க வேண்டும். தெல்லிப்பழை மகாஜனா பெண்கள் அணி அகில இலங்கை அளவில் பெயர் எடுத்தது மந்திரத்தால் இல்லை, பாடசாலை ஒன்று விடாமல் பயிற்சி கொடுத்ததால்.

ஐஸ்லாந்தின் சனத்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. 2016 இல் யூரோ காலிறுதி, 2018 இல் உலகக் கிண்ணம். அவர்கள் செய்தது உள்ளரங்க மைதானங்கள் கட்டியதும், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட உரிமம் பெற்ற பயிற்றுவிப்பாளர்களைக் கொடுத்ததும். எங்களுக்குப் பனி இல்லை, கூரை தேவையில்லை. வருசம் முழுக்க வெயிலும் மணலும் இருக்கிறது. உரிமம் பெற்ற பயிற்றுவிப்பாளர்கள்தான் வேண்டும், ஊருக்கு ஒருவராவது. தேசிய லீக்கில் வடக்குக்கு ஓர் இடம் வேண்டும். அந்த அணியின் சொந்த மைதான ஆட்டங்களில் சில மன்னாரில் நடக்க வேண்டும். ஒருக்கா நடத்திப் பாருங்கோ. கொழும்பு றேஸ்கோர்ஸில் காலியாகக் கிடக்கிற கதிரைகளை விட இங்கே மதிலில் ஏறி நிற்கிற சனம் கூடவாக இருக்கும்.

செஷெல்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு லட்சம் பேர். அவர்களால் ஒரு தேசிய அணியை இறக்க முடிந்தது. எங்கள் மாவட்டத்திடம் நான் பதினொரு பேரைக் கேட்கவில்லை. ஒருவன். நீல ஜெர்சியில், முதல் பதினொன்றில், இந்தக் கடற்கரையில் வெறுங்காலோடு பழகிய ஒருவன். அவன் ஒரு பெனால்டியைத் தவற விட்டாலும் பரவாயில்லை, திட்டுவதற்காவது எங்கட ஆள் ஒருவன் வேணும்.

அதுவரைக்கும் அடுத்த இலங்கை மட்ச் வரும்போது தொண்ணூறு நிமிசமும் இருந்து பாருங்கோ. 0-3 இல் பின்னால் இருக்கும்போது சனலை மாற்றாமல் இருக்கிறதுதான் ரசிகனின் வேலை. ஆர்ஜென்டினாவுக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கு.